சீப்புப் பல் விரல்கள்

பிப்ரவரி 3

வீடியோ கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு,

உங்கள் கடையிலிருந்து திரும்பி வந்த பென் டிரைவை இன்று போட்டுப் பார்த்தோம். இது புகார்க் கடிதம். முதலாளியிடம் கொடுத்தாலும் சரி, நீங்களே வைத்துக்கொண்டாலும் சரி.

எங்கள் நாடகக் குழுவில் ஒருவருக்கும் காது கேட்காது. வசனமெல்லாம் கையிலும் முகத்திலும்தான். "திருடனுக்குக் காது கேட்கும்" என்ற எங்கள் நாடகத்தைப் படம்பிடித்து, அளவில் சிறிய கோப்பாக மாற்றித் தரச் சொல்லி உங்களுக்கு அனுப்பினோம். காது கேளாதவர்கள் நடத்தும் ஒரு நாடகத் திரைவிழாவுக்கு அதைச் சேர்க்கவேண்டும். கோப்பு ஒரு ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் விதி. மார்ச் பத்தாம் தேதி கடைசி நாள்.

நீங்கள் மாற்றித் தந்ததில், நாங்கள் சும்மா நிற்கும்போது படம் துடைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறது. கை அசைந்தால் தீர்ந்தது. விரல்கள் கோடு கோடாகப் பிரிந்து சீப்புப் பற்கள் ஆகிவிடுகின்றன. எங்கள் நாடகத்தில் யாரும் சும்மா நிற்பதில்லை. சீப்பு பேசுவதை யாரும் படிக்கமுடியாது.

அண்ணன் சொன்னார் என்பதற்காகத்தான் உங்கள் கடைக்கு அனுப்பினேன். சரிசெய்து அனுப்பவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்


பிப்ரவரி 7

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

உங்கள் புகார் கிடைத்தது. என் அப்பாவுடன் கூடப் பிறந்த தங்கை எனக்கு "கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு" என்று எழுதுவார் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் அப்படி எழுதினால் நானும் இப்படித்தான் எழுதவேண்டும். கடையில் பணிவாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சீப்புப் பற்களை நானும் பார்த்தேன். முதலாளியிடம் காட்டினேன். "பழைய கேமராவுல எடுத்தா கோடு வரும்மா. கலக்குற பட்டன் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டு விடு, கோடெல்லாம் குழைஞ்சு ஒண்ணாயிடும்" என்றார். போட்டேன். கோடு போய்விட்டது. படத்தை அங்கங்கே நிறுத்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லா முகமும் நன்றாக இருக்கிறது. உங்கள் முகமும்.

போனில் அனுப்பலாம் என்றால் போனில் போகும்போது படம் இன்னும் நசுங்கிவிடும். தவிர, என் எண்ணைத்தான் நீங்கள் போன வருடமே அடைத்து வைத்துவிட்டீர்களே. அதனால் பென் டிரைவை இந்தக் கடிதத்துக்குள் மடித்து கூரியரில் அனுப்புகிறேன்.

திருப்தியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்குப் பணிவுடன்,
கடைப் பெண்


பிப்ரவரி 12

கடைப் பெண்ணுக்கு,

சீப்பு போனது. பேய் வந்தது.

இப்போது எங்கள் எல்லோருக்கும் நான்கு கைகள். ஒரு கை நகர்ந்தால் அதன் ஆவி பின்னாலேயே வருகிறது. எது இப்போதைய விரல், எது போன நொடியின் விரல் என்று எங்களுக்கே தெரியவில்லை. வேகமான இடங்களில் கை மொத்தமும் சின்னச் சின்னக் கட்டங்களாக உடைகிறது, யாரோ ஓடு பதித்தது போல.

இன்னொன்று. என் நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இந்த வயதில் நான் சந்தோஷப்படவேண்டியதுதான். ஆனால் நாடகத்தில் திருடனை நான் கேள்வி கேட்பதே நெற்றியால். சந்தேகப்படுவது புருவத்தால். கிண்டல் செய்வது கன்னத்தால். உங்கள் படத்தில் நான் வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறேன். முட்டை யாரை விசாரிக்கும்?

மறுபடியும் நடித்துப் படம்பிடித்து விடலாமே என்று உங்கள் முதலாளி சொல்லக்கூடும். முடியாது. திருடனாக நடிக்கும் பேக்கரிக்காரர் போன வாரம் மாவு மூட்டை இறக்கும்போது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு ஏப்ரல் வரை. எங்கள் கதாநாயகனுக்கு இப்போது பாதி வாய் அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான். எங்கள் குழுவை இதுவரை யாரும் எங்கும் கூப்பிட்டதில்லை. இதை விட்டால் அடுத்த விழாவரை குழு ஒன்றாக இருக்குமா என்பதே சந்தேகம். குழுவில் இருக்கும் தையல்காரம்மா மகன் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டது போல இதையும் விட்டுவிடுவதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வேறு கடை பார்க்கிறோம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

பின்குறிப்பு: உங்கள் கடிதத்தில் ஒற்றுப்பிழை இரண்டு. அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு எழுதுகிறோம் என்ற பயம் வேண்டும்.


பிப்ரவரி 15

அத்தை,

இனி பணிவாக எழுத வரவில்லை.

பாதியில் விட்டது நான் மட்டும் இல்லை. அன்றைக்குச் சமையலறையில் நான் ஏன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காரணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். காது கேட்கிறவர்கள் சண்டை வந்தால் கதவைச் சாத்துவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தவாவது செய்யலாம். நீங்கள் கண்ணைச் சாத்திவிட்டால் நான் எந்தக் கையால் பேசுவது? கையை இறக்கிவிட்டு நின்றேன். நீங்கள் கண்ணைத் திறந்ததும் எங்கள் வீட்டை விட்டுப் போகப் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டீர்கள்.

அதை விடுங்கள். வேலையைச் சொல்கிறேன்.

முட்டை ஏன் வந்தது என்று கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கடையில் வருவதில் முக்கால்வாசி கல்யாண வீடியோ. அதனால் கம்ப்யூட்டரில் முதலாளி ஒரு டிக் போட்டு வைத்திருக்கிறார். எந்தப் படம் உள்ளே போனாலும் தோலை மழமழவென்று ஆக்கித்தான் வெளியே விடும். யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை. மாப்பிள்ளையின் சித்தி ஒருவர் மட்டும் "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று கேட்டிருக்கிறார். "அந்த டிக்கை எடுக்கட்டுமா சார்?" என்று முதலாளியிடம் கேட்டேன். "சுருக்கத்தோட வேணும்னு கேக்குற முதல் கஸ்டமர் உங்க அத்தைதாம்மா" என்று சிரித்தார். எடுத்துவிட்டேன்.

கட்டங்கள் வந்ததற்குக் காரணம், ஓடும் கைக்குக் கோப்பில் இடம் போதவில்லை. அதை எப்படிச் சரிசெய்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். நீங்கள் எனக்குக் கொடுத்த கோப்பே கேமராவிலிருந்து நேராக வந்தது இல்லையோ என்று தோன்றுகிறது. யாரோ ஒருமுறை சுருக்கியிருக்கிறார்கள். நகலை நகல் எடுத்தால் எழுத்து எப்படி உடையும் என்று அச்சகத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கேமராவில் இருந்த கார்டையே அனுப்புங்கள். அதில் எதையும் அழிக்காதீர்கள், மாற்றாதீர்கள், யாரிடமும் கொடுக்காதீர்கள்.

வேறு கடை பார்க்கவேண்டாம். நான் விடவில்லை.

உங்கள் அண்ணன் மகள்


பிப்ரவரி 19

கடைப் பெண்ணுக்கு என்று எழுதி, அடித்துவிட்டேன். பிழை திருத்துகிறவளின் கடிதத்தில் அடித்தல் இருப்பது எனக்கே அவமானம். பரவாயில்லை.

நீ சொன்னது சரி. எங்கள் அச்சகத்து மெஷின்காரர், "பென் டிரைவ்ல இடம் பத்தலைங்க, நானே கொஞ்சம் சுருக்கிக் குடுத்துட்டேன்" என்று இப்போது எழுதிக் காட்டுகிறார். உதவி செய்தாராம். கேமராவின் கார்டைப் பஞ்சில் சுற்றி இதனுடன் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ ஒவ்வொரு இடத்திலும் படத்தை நிறுத்தி முகத்தைப் பார்த்ததாக எழுதியிருந்தாய். அது கல்யாண வீட்டுக்காரர்கள் பார்க்கிற விதம். நிறுத்திய படத்தில் கை பேசாது. எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறவன் கண்ணுக்குப் பிழை தெரியாது. வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும்.

நீ பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்பே என் கையைப் படிக்கக் கற்றுக்கொண்டவள். தொட்டிலில் படுத்துக்கொண்டு "பால்" என்று கையால் கேட்டவள். இந்த நாடகத்தை நீ நேரில் பார்த்ததில்லை, வசனம் உனக்குத் தெரியாது. அதுதான் நல்லது. படத்தை ஓடவிடு. நிறுத்தாமல் படித்து எழுது. எங்கே உனக்குப் புரியவில்லையோ அங்கே படம் கெட்டிருக்கிறது.

உன் காரணத்தையும் எழுது. காகிதத்தில் எழுதியது நான் கண்ணை மூடினாலும் அங்கேயே இருக்கும்.

அத்தை


பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

இது நீளமான கடிதம். பிழை இருந்தால் கடைசியில் மொத்தமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

கார்டிலிருந்து புதிதாக மாற்றி, நீங்கள் சொன்னபடி ஓடவிட்டுப் படித்தேன். திருடன் சுவரேறிக் குதிப்பதும், பூனை மாதிரி நடப்பதும், தட்டைத் தவறவிட்டுப் பயந்து உறைந்து நிற்பதும் நன்றாகப் புரிந்தது. யாருமே எழவில்லை என்றதும் அவன் இரண்டாவது தட்டை வேண்டுமென்றே போட்டுப் பார்க்கிறானே, அங்கே சிரித்தேன். ஆனால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரராக நடிப்பவரும் சண்டை போடும் இடம் வந்ததும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. என் கண்ணில்தான் கோளாறோ, கை படிப்பதே மறந்துபோய்விட்டதோ என்று பயந்தேன். கார்டைக் கடையில் இருக்கும் ஒரு பழைய கேமராவில் போட்டு, டிவியோடு இணைத்து, சண்டையின் முதல் வசனத்தை மட்டும் பார்த்தேன். எல்லாம் புரிந்தது! அப்படியென்றால் படத்தில் கை முழுசாக இருக்கிறது. மாற்றும்போது நான்தான் தொலைக்கிறேன்.

எங்கே தொலைகிறது என்று தேடினேன். ஒரே ஒரு அசைவை எடுத்துக்கொண்டேன். நீங்கள் "போலீஸ்" என்று சொல்லும் அசைவு. அதையே திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன்.

அந்தக் கேமரா முழுப்படம் எடுப்பதே இல்லை அத்தை. முதலில் ஒரு அரைப்படம் எடுக்கிறது, ஒன்று விட்டு ஒரு கோடாக. அடுத்த கணம் விட்டுப்போன கோடுகளை எடுக்கிறது. அந்த ஒரு கணத்துக்குள் உங்கள் கை நகர்ந்துவிடுகிறது. இரண்டு அரையையும் ஒன்றாக வைத்தால் கை இரண்டு இடத்தில் இருக்கிறது. அதுதான் சீப்பு. இரண்டையும் குழைத்தால் பேய். சும்மா நிற்கும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இது தெரியவே தெரியாது. நகர்ந்தால்தானே!

சரி, ஒரு அரையை எறிந்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டால்? சீப்பும் இல்லை, பேயும் இல்லை. படம் சுத்தமாக இருந்தது. துள்ளிக் குதித்தேன். ஓடவிட்டுப் படித்தால் சண்டைக் காட்சியில் மறுபடியும் ஓட்டை. பாதி அசைவை நானே குப்பையில் போட்டுவிட்டேனே! முகத்துக்கு நொடிக்கு இருபத்தைந்து படம் போதும். உங்கள் விரலுக்குப் போதாது.

அதனால் எதையும் குழைக்காமல், எதையும் எறியாமல், ஒவ்வொரு அரைப்படத்தையும் தனியாக ஒரு முழுப்படமாக வளர்த்தேன். நொடிக்கு ஐம்பது. முதல் தடவை உங்கள் கை நடுக்கம் வந்தது போல முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி என்று போனது. எந்த அரை முதலில் வந்தது என்பதைக் கம்ப்யூட்டர் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. மாற்றிச் சொன்னேன். நடுக்கம் நின்றது.

அப்புறம் இடப் பிரச்சினை. இரண்டு மடங்கு படம், அதே ஒரு ஜிபி. ஓடு பதித்தது போல மறுபடியும் கட்டம் கட்டமாக வந்தது. முதலில் சத்தத்தை எறிந்தேன். உங்கள் யாருக்கும் அது தேவையில்லை. மின்விசிறி இரைச்சலும் நாற்காலி இழுக்கும் சத்தமும்தான் இருந்தது. அதில் பெரிதாக ஒன்றும் மிச்சமாகவில்லை. இரண்டு நாள் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் பின்னால் இருக்கும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு என்று நாம் சொல்கிறோம். உற்றுப் பார்த்தால் அது கொதித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் குறைவான இடத்தில் கேமரா பொடிப் பொடியாகப் புள்ளிகளைத் தூவியிருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுகிறது. கம்ப்யூட்டருக்கு எது விரல், எது புள்ளி என்று தெரியுமா? இருக்கிற இடத்தையெல்லாம் திரையில் கொதிக்கும் புள்ளிக்கே கொடுத்துவிட்டு, உங்கள் கைக்கு மிச்சத்தைக் கொடுக்கிறது. பந்தியில் வேண்டாதவன் முதல் வரிசையில் உட்கார்ந்த கதைதான்.

திரையை அடியோடு கறுப்பாக்கினேன். ஒரு புள்ளி இல்லாமல். உங்கள் முகத்தையும் கையையும் தொடவில்லை.

முதலாளி எட்டிப் பார்த்தார். "கறுப்பைக் கறுப்பாக்கவா ஒரு வாரம்?" என்றார். மறுபடியும் மாற்றி, ஓடவிட்டு, பேனாவோடு உட்கார்ந்தேன். சண்டைக் காட்சியில் நான் படித்ததை அப்படியே எழுதுகிறேன்.

மனைவி: "என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போலீசுக்குப் போன் போடுங்க!"
கணவன்: "போட்டு? நீ பேசுவியா, நான் பேசுவேனா?"
மனைவி: "இவ்வளவு வருஷத்துல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சீங்களா நீங்க?"
கணவன்: "திருடன் வருவான்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"
மனைவி: "சரி, அந்த ஆளுக்குக் காது கேக்குதில்ல? அவனையே போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க, திருடன் வந்திருக்கான்னு!"

அத்தை, நான் கடையில் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படி ஒரு வசனம் அங்கே இருப்பதே இதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அதைத்தான் தொலைத்திருக்கிறேன். முதலாளி, "என்னம்மா, கல்யாண வீடியோவுல யாராச்சும் வழுக்கி விழுந்துட்டாங்களா?" என்று ஓடிவந்தார். "ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

புதிய கோப்பு இதனுடன் இருக்கிறது. ஒரு ஜிபிக்குள்.

இப்போது காரணம். எனக்கு வாசிக்கத் தெரியும். எழுந்து நின்று வாசிக்கத்தான் தெரியாது. பத்தாம் வகுப்பில் தினம் ஒருவர் பாடத்தைச் சத்தமாக வாசிக்கவேண்டும். என் முறை வந்தபோது நின்றேன். எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, தொண்டையில் வரவில்லை. "வாசிக்கிற வரைக்கும் நாளைக்கும் நீதான்" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாளும் நான்தான். அதற்கு அடுத்த நாளும். பின்னால் இருப்பவர்கள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். ஒரு காலையில் பையை எடுத்தேன், கால் வாசலைத் தாண்டவில்லை. அவ்வளவுதான். நீங்கள் எங்களோடு இருந்த வீட்டில் பேசாமல் இருப்பது குற்றமாக இருந்ததே இல்லை. உங்களுக்கு அது புரியும் என்று நினைத்துத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன்.

உங்கள் அண்ணன் மகள்


மார்ச் 4

என் செல்லத்துக்கு,

நேற்று அச்சகத்தின் காகிதக் கிடங்கில் வெள்ளைச் சுவரில் போட்டுப் பார்த்தோம். எல்லோரும் காகிதக் கட்டுகள்மேல் உட்கார்ந்திருந்தோம்.

நாங்கள் நடித்த நாடகம்தான். எத்தனை தடவை ஒத்திகை பார்த்திருப்போம், வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் சண்டைக் காட்சியில் "அவனையே போன் பண்ணச் சொல்லுங்க" என்று சுவரில் என் கை சொன்னபோது பேக்கரிக்காரர் மாவுக்கட்டுக் கையால் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வலியில் துள்ளினார். அதற்கு நாங்கள் இன்னொரு முறை சிரித்தோம். மெஷின்காரருக்குக் கை மொழி தெரியாது. அவரும் சிரித்தார். ஏன் என்று கேட்டால், "உங்க நெத்தியப் பாத்தாலே புரியுதுங்க" என்று எழுதிக் காட்டினார். என் சுருக்கங்கள் திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறது.

தையல்காரம்மா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "நாம இவ்வளவு நல்லா பேசுறோம்னு எனக்குத் தெரியாது" என்றார். மகன் வீட்டுக்குப் போவது தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

இன்று கோப்பை விழாவுக்கு அனுப்பிவிட்டோம்.

நீ எழுதிய காரணத்தைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அதில் எங்கேயும் கண் மூடவேண்டிய இடம் இல்லை. படிப்பைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. உன்னைப் பற்றி மாறியிருக்கிறது.

சின்ன வயதில் உனக்கு ஊமைக்குசும்பு என்று அண்ணன் சொல்வார். ஊமை நான், குசும்பு நீ என்று நான் சொல்வேன். "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு" என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தைக் காப்பாற்றிக்கொள்ள மிகவும் கஷ்டப்பட்டேன். உன் எண்ணை விடுவித்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. போனில் நீ ஒரு வரியில் தப்பித்துவிடுவாய்.

ஒற்றுப்பிழை மூன்று. மன்னிக்கப்பட்டது.

அத்தை


ஏப்ரல் 21

என் செல்லமே,

விழா நடக்கும் ஊரிலிருந்து எழுதுகிறேன். நம் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னபோது நீ ஒரு சிரித்த முகத்தை மட்டும் அனுப்பினாய். நான் சொல்லவில்லையா, ஒரு வரியில் தப்பித்துவிடுவாய் என்று? ஒரு வரிகூட இல்லை. நான் அப்படித் தப்பிக்கமாட்டேன். நேற்று நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

பெரிய அரங்கம். உள்ளே ஒரு சத்தமும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பல தேசத்துக் கைகள். நமக்கு முன்னால் போட்ட ஒரு படத்தில் கைகள் கட்டம் கட்டமாக உடைந்தன. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தக் குழுவின் முகங்களைப் பார்க்க முடியவில்லை. எவ்வளவு உழைத்திருப்பார்கள்!

பிறகு நம் திருடன் சுவரேறிக் குதித்தான்.

பின்னால் கறுப்பு. சுத்தமான கறுப்பு. அதன் நடுவில் எங்கள் கைகள் மட்டும் வெளிச்சத்தில். அவ்வளவு பெரிய திரையில் என் சுண்டுவிரல் ஒரு ஆள் உயரம் இருந்தது. அதன் நகத்தில் உடைந்த இடம்கூடத் தெரிந்தது. கண்ணுக்கு எட்டியவரை யாரும் "என்ன சொன்னான்" என்று கேட்கவில்லை. சண்டைக் காட்சி வந்தது. எங்கள் கை மொழியும் அவர்களுடையதும் முழுக்க ஒன்று இல்லை, விழாக்காரர்கள் போட்ட எழுத்தும் கீழே ஓடியது. ஆனால் எழுத்து வருவதற்கு முன்பே சிரிப்பு வந்தது. கையைப் படித்துவிட்டார்கள்! அரங்கமே குலுங்கியது என்று எழுதுவார்கள் இல்லையா, எனக்கு உண்மையாகவே நாற்காலி குலுங்கியது. எல்லோரும் காலால் தரையை உதைத்துச் சிரித்தார்கள்.

முடிந்ததும் எங்களை மேடைக்குக் கூப்பிட்டு, எல்லோரும் கைகளை மேலே தூக்கி ஆட்டினார்கள். எங்கள் கைதட்டல் அதுதான், உனக்குத் தெரியும். மேடையிலிருந்து பார்த்தால் காற்றடிக்கும் காடு மாதிரி இருந்தது. பார்வையாளர்கள் தேர்ந்தெடுத்த படம் என்ற பரிசு நமக்குத்தான். கட்டுப் பிரித்த கையால் பேக்கரிக்காரர் வாங்கினார். அந்தக் கையால்தான் வாங்குவேன் என்று அடம்பிடித்தார்.

இப்போது முக்கியமான விஷயம். விழாக்காரர் ஒருவர் மேடையிலேயே கேட்டார்: "இவ்வளவு தெளிவாக ஒரு விரல்கூடத் தொலையாமல் படத்தை மாற்றியது யார்?" "என் அண்ணன் மகள்" என்றேன். "அவள் பெயர் என்ன?" என்றார். கை மொழியில் உனக்குப் பெயரே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் "குட்டி" என்போம், அது எல்லாக் குழந்தைக்கும் பொது. குழுவைப் பார்த்தேன். தையல்காரம்மா யோசிக்கவே இல்லை. இடது கையை விரித்து, அதன்மேல் வலது கை விரல்களைச் சீப்பு மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, பிறகு ஐந்து விரலையும் பூப்போல விரித்துக் காட்டினார். சீப்பைப் பிரித்து விரலாக்கியவள்.

அதுதான் இனி உன் பெயர்.

விழாக்காரர் அதைத் திருப்பிச் செய்தார். முன்வரிசை செய்தது. பிறகு அரங்கம் முழுவதும், கடைசி வரிசை வரைக்கும், ஒரு இழுப்பு, ஒரு விரிப்பு. அத்தனை பேர் ஒரே நேரத்தில் உன்னைக் கூப்பிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. உனக்குப் பிடித்திருக்கும்.

அடுத்த வருடம் நீயும் வருகிறாய். இது அழைப்பு இல்லை, தகவல்.

அத்தை


ஏப்ரல் 28

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். என் பெயர் வந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் அதைச் செய்து பார்த்தேன். ஒரு இழுப்பு, ஒரு விரிப்பு. கைக்கு அது முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது.

முதலாளி பார்த்துவிட்டார். "என்னம்மா கையில பிடிப்பா?" என்றார். கடிதத்தை நீட்டினேன். முழுசும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் கடை முகப்பில் இருக்கும் பெரிய டிவியில் ஓடிக்கொண்டிருந்த கல்யாண ஊர்வலத்தை நிறுத்திவிட்டு உங்கள் நாடகத்தைப் போட்டார்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஆல்பம் தேர்ந்தெடுக்க வந்த புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும், பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த அப்பா. திருடன் தட்டைப் போட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். சண்டைக் காட்சி வந்ததும் விழித்தார்கள். நான் வைத்திருந்த கோப்பில் கீழே எழுத்து இல்லை. பெரியவர் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "என்ன இது, புருஷன் பெண்டாட்டி சண்டையா? என்னதான் சொல்றாங்க?" என்று கேட்டார்.

அங்கே கை மொழி தெரிந்தது அப்பாவுக்கும் எனக்கும்தான். அப்பா சொல்லியிருப்பார். அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"போலீசுக்குப் போன் போடச் சொல்றாங்க" என்றேன்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், டிவியைப் பார்த்தபடிதான் சொன்னேன். குரல் முதலில் உங்கள் கை நடுங்கியதே, அந்தத் தப்பான படத்தில், அது போல முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி என்று போனது. ஆனால் நீங்கள் நிறுத்தவில்லையே அத்தை. உங்கள் கை ஓடிக்கொண்டே இருந்தது, நான் பின்னாலேயே ஓடினேன். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் எழுத்துகள் என்னை முறைத்துக்கொண்டு நின்றன. உங்கள் கை என்னை இழுத்துக்கொண்டு போனது. "அவனையே போன் பண்ணிச் சொல்லச் சொல்லுங்க, திருடன் வந்திருக்கான்னு" என்றேன்.

கடை வெடித்தது. புதுப் பெண் மாப்பிள்ளையின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். முதலாளி, "இதுக்குத்தானா அன்னைக்கு நீ தனியா உக்காந்து சிரிச்சே? எங்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா!" என்று கோபித்துக்கொண்டார். அப்பா சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கீழே வைக்காமலேயே நின்றுகொண்டிருந்தார். "உங்க பொண்ணுங்களா? நல்லா சொல்லுதே" என்று பெரியவர் அவரிடம் சொன்னார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நம் வீட்டில் இன்றைக்குப் பேச்சு வராமல் போனது அவருக்குத்தான்.

நாடகம் முடிந்தது. பெரியவர் போட்டோவை மறந்துவிட்டு நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல இருந்து போடும்மா. நான் பாதியில இருந்துதான் புரிஞ்சு பார்த்தேன்" என்றார்.

மறுபடியும் போட்டேன். இரண்டாவது தடவை எழுந்து நின்று சொன்னேன்.

இப்படிக்கு,
இடது கையின்மேல் ஒரு இழுப்பு, ஒரு விரிப்பு